நோயாளிக்கு மருந்தா, எண்ணுக்கு மருந்தா?

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு பி.பி. ஏறினால் உடனே மாத்திரை போட்டுத்தான் ஆகவேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம் என்கின்றன அண்மைக்கால ஆய்வுகள். ஆனால் சிலருக்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. யாருக்கு எது என்று பிரித்தறிவதுதான் நல்ல சிகிச்சை.

எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் இந்தக் காட்சி உண்டு. நள்ளிரவு தாண்டிய நேரம். நிமோனியாவுக்காகச் சேர்க்கப்பட்ட பெரியவரை எழுப்பி, கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்க்கிறார் நர்ஸ். 184/96. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்த மகன் பதறி எழுகிறார். "சிஸ்டர், அப்பாவுக்கு பிரஷர் இவ்ளோ காட்டுதே, டாக்டரைக் கூப்பிட்டு ஏதாச்சும் போடச் சொல்லுங்க." டூட்டி டாக்டருக்கு போன் போகிறது. அவர் வேறொரு வார்டில் மூச்சுத்திணறும் நோயாளியோடு போராடிக்கொண்டிருக்கிறார். "அம்லோடிபின் அஞ்சு ஒண்ணு குடுங்க சிஸ்டர், காலையில ரவுண்ட்ஸ்ல பாத்துக்கலாம்." கேஸ் ஷீட்டில் ஒரு வரி ஏறுகிறது. மகனுக்கு நிம்மதி, நர்ஸுக்கு நிம்மதி, டாக்டருக்கும் நிம்மதி.

பெரியவருக்கு என்ன லாபம்? அம்லோடிபினை விழுங்கியபின் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு வரவே 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். அதில் பாதி உடலைவிட்டு வெளியேற 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நள்ளிரவில் ஏறிய பி.பி.யை அந்த மாத்திரை அப்போது தொடப்போவதே இல்லை. அது முழுவீச்சில் வேலை செய்யத் தொடங்கும் மறுநாளில் அவருக்குக் காய்ச்சல் தணிந்து, மிரட்சி நீங்கி, பி.பி. தானாகவே இறங்கியிருக்கலாம். இறங்கியதை மாத்திரை இன்னும் இறக்கும். கழிவறைக்குப் போக எழுந்தவர் தலைசுற்றி விழுந்தால், அந்தப் பழி மாத்திரைமேல் விழாது. "வயசாயிடுச்சு, பலவீனம்" என்று எழுதப்படும்.

22,834 பேரின் கேஸ் ஷீட்

இந்தப் பழக்கத்தால் நன்மையா தீமையா என்று எண்ணிப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள். இதயநோய் அல்லாத காரணங்களுக்காக 2017-ல் அங்கே சேர்க்கப்பட்ட 22,834 பேரின் பதிவுகளை அவர்கள் அலசினார்கள். முடிவு 2021-ல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் வெளியானது.

சேர்ந்தவர்களில் 78 சதவீதம் பேருக்கு ஒருமுறையாவது பி.பி. கூடுதலாகப் பதிவாகியிருந்தது. அதாவது, ஆஸ்பத்திரியில் பி.பி. ஏறாமல் இருப்பவர்கள்தான் குறைவு. ஏறியவர்களில் மூன்றில் ஒருவருக்கு அதற்கென மருந்து கொடுக்கப்பட்டது. ஒரே மாதிரியான உடல்நிலை கொண்டவர்களை ஜோடி சேர்த்து ஒப்பிட்டபோது, மருந்து பெற்றவர்களில் 10.3 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டிருந்தது. பெறாதவர்களில் அது 7.9 சதவீதம். இதயத் தசை பாதிப்பு 1.2 சதவீதத்துக்கு எதிராக 0.6 சதவீதம். பி.பி. எந்த அளவில் இருந்தாலும், மருந்து கொடுத்தவர்கள் கொடுக்காதவர்களைவிட நன்றாக இருந்ததாகக் கணக்கு காட்டவில்லை.

இது பதிவேடுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு. மருந்து பெற்றவர்களின் உடல்நிலை, காகிதத்தில் வராத ஏதோ ஒரு வகையில் மோசமாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு. ஆனால் அடுத்து வந்த ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் சேர்ந்த 65 வயதைக் கடந்த 66,140 பேரின் விவரங்கள் 2023-ல் வெளியாயின. முதல் 48 மணி நேரத்திலேயே பி.பி.க்குத் தீவிரமாக மருந்து கொடுக்கப்பட்டவர்களில் 8.7 சதவீதம் பேர் இறப்பு, சிறுநீரக பாதிப்பு, இதய பாதிப்பு போன்ற ஏதோ ஒரு பெரிய சிக்கலுக்கு ஆளானார்கள். மற்றவர்களில் 6.9 சதவீதம்.

2024-ல் அமெரிக்க இதய சங்கம் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. உறுப்புகள் பாதிக்கப்படும் அறிகுறி இல்லாதபோது, எண்ணைப் பார்த்து மட்டும் வார்டில் அவசர மருந்து கொடுக்க வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். 2025-ல் வந்த அமெரிக்க உயர் ரத்த அழுத்த வழிகாட்டியும் அதையே வழிமொழிந்தது.

ஏன் ஏறியது?

வீட்டில் 130 காட்டியவருக்கு ஆஸ்பத்திரியில் 180 காட்டுவது ஏன்? வலி, காய்ச்சல், தூக்கமின்மை, பயம் என வெளிப்படையான காரணங்களே பல. வெளியில் தெரியாதவை இன்னும் அதிகம். சிறுநீர் அடைத்துக்கொண்ட முதியவருக்கு பி.பி. எகிறும், அவருக்கு வேண்டியது சிறுநீர்க் குழாய். வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், மூச்சுத்திணறலுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு இரண்டுமே பி.பி.யை ஏற்றும். ஆபரேஷனுக்காகப் பட்டினி போட்டதில் காலையில் வழக்கமாகப் போடும் பி.பி. மாத்திரை விட்டுப்போயிருக்கலாம். குளோனிடின், மெட்டோப்ரோலால் போன்றவற்றைச் சட்டென நிறுத்தினால் பி.பி. முன்பைவிட வேகமாக எழும்பும்.

குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள் என்று நாம் பொதுவாகச் சொல்லும் டிரிப்பில் பல நேரம் ஏறுவது சலைன். அரை லிட்டர் சலைன் பாட்டிலில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு மனிதர் ஒரு நாளில் 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு, கை நரம்பு வழியாக நாளுக்கு மூன்று பாட்டில் ஏற்றினால் பி.பி. எங்கே போகும்? வாய்வழியே சாப்பிடத் தொடங்கியவருக்கு டிரிப்பை நிறுத்துவதுகூட ஒரு வகை பி.பி. சிகிச்சைதான்.

அளக்கும் முறையிலேயே கோளாறு இருக்கலாம். அளப்பதற்கு முன் ஐந்து நிமிட ஓய்வு, முதுகுக்குச் சாய்மானம், தரையில் ஊன்றிய பாதம், இதய மட்டத்தில் தாங்கிய கை, காலியான சிறுநீர்ப்பை, மூடிய வாய் ஆகியவை அடிப்படை விதிகள். கையை மடியில் வைத்து அளந்தால் மேல் எண் சராசரியாக 4 புள்ளியும், பக்கவாட்டில் தொங்கவிட்டு அளந்தால் 6.5 புள்ளியும் கூடுதலாகக் காட்டுவதாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2024-ல் எழுதினார்கள். பட்டையின் அளவு தவறினால் பிழை இன்னும் பெரிது. மிகப் பருத்த கைக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் ஏறக்குறைய 20 புள்ளி வரை கூடுதலாகக் காட்டும் என்று 2023-ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு சொன்னது. பல வார்டுகளில் இருப்பதோ ஒரே அளவுப் பட்டை. ஆகவே உயர்ந்த எண்ணைக் கண்டதும் செய்யவேண்டிய முதல் வேலை, நோயாளியை அமைதிப்படுத்திச் சற்றுப் பொறுத்து மறுபடி அளப்பது.

நாக்குக்கு அடியில் வைத்த ஆபத்து

எண்ணைக் கண்டு பயப்படும் வழக்கம் காரணமில்லாமல் வந்துவிடவில்லை. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-ல் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தபோது அவருடைய பி.பி. 300/190. உலகின் மிகச் சக்திவாய்ந்த மனிதருக்குக் கொடுக்க அன்றைக்கு உருப்படியான மருந்து ஒன்றுமில்லை. மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரின் பி.பி. குறைக்கும் குணத்தை ஆங்கில மருத்துவ இதழ் வழியாக மேற்குலகின் கவனத்துக்குக் கொண்டுபோனது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1949-ல். பிறகு மருந்துகள் வரிசைகட்டி வந்தன. கையில் மருந்து வந்ததும், எவ்வளவு வேகமாக இறக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது.

அந்த நம்பிக்கையின் உச்சம் நிஃபெடிபின் கேப்ஸ்யூல். அதை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் பிழிந்துவிடும் வழக்கம் உலகமெங்கும் பரவியது. நம் ஊரிலும் வெகுகாலம் கோலோச்சியது. அரைமணி நேரத்தில் எண் மளமளவென்று சரிவதைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தார்கள். உண்மையில் அந்த மருந்து வாயில் சரியாக உறிஞ்சப்படுவதே இல்லை. எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலில் போய்த்தான் வேலை செய்தது. எவ்வளவு இறங்கும், எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தச் சரிவின் ஆபத்தைப் புரிந்துகொள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகளாக அதிக அழுத்தத்திலேயே தண்ணீர் தள்ளிப் பழகிய மோட்டாரைச் சட்டெனத் தணித்தால், கீழ்வீட்டில் தண்ணீர் வரும். மேல்மாடிக் குழாய் வறண்டுவிடும். நாள்பட்ட பி.பி. உள்ளவரின் மூளை, சிறுநீரக ரத்தக்குழாய்கள் உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்பத் தங்களைத் தகவமைத்துக்கொண்டவை. மற்றவர்களுக்கு இயல்பான 120 என்பது அவருடைய மூளைக்குப் போதாமல் போகலாம். மெதுவாக இறக்கினால் வாரக்கணக்கில் அவை பழகிக்கொள்ளும். திடீரென இறக்கினால் பக்கவாதமும் மாரடைப்பும் வரலாம்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 1985-லேயே இந்த முறையைக் கைவிடச் சொன்னது. பழக்கம் போகவில்லை. 1996-ல் 'ஜாமா' இதழில் கிராஸ்மன் உள்ளிட்ட நால்வர், இம்முறையால் நேர்ந்த பக்கவாதம், மாரடைப்பு, மரணங்களைத் தொகுத்துக் காட்டி, இதற்குத் தடை போட வேண்டாமா என்று நேரடியாகவே கேட்டார்கள். அதன்பிறகுதான் கேப்ஸ்யூலைக் குத்துவது குறைந்தது. எண்ணை உடனே இறக்கும் மனப்பான்மை மட்டும் அம்லோடிபின், லேபடலால் ஊசி, ஃப்யூரோசமைடு ஊசி என்று உருமாறித் தொடர்கிறது.

அதே 1985-ல் நைரோபியில் உலக சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி, மருந்தை அறிவோடு பயன்படுத்துவது என்றால் என்ன என்று வரையறுத்தது. நோயாளியின் தேவைக்கேற்ற மருந்து, அவருக்கேற்ற அளவு, போதுமான காலம், அவருக்கும் சமூகத்துக்கும் குறைந்த செலவு. நள்ளிரவில் ஒற்றை மாத்திரையாக எழுதப்படும் அம்லோடிபின் இந்த நான்கில் முதல் மூன்றிலும் தேறாது. அந்த எண்ணுக்காகவே நோயாளியை ஐ.சி.யு.வுக்கு மாற்றினால் நான்காவதும் போயிற்று.

யாருக்கு உடனே வேண்டும்?

அப்படியானால் 200 காட்டினாலும் சும்மா இருக்க வேண்டுமா? கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த அழுத்தத்தால் ஏதாவது ஓர் உறுப்பு இந்த நிமிடம் சேதமாகிக்கொண்டிருக்கிறதா? நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கைகால் மரத்துப்போதல், குழப்பம், வலிப்பு, பார்வை மங்கல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று 180/120-ஐத் தாண்டிய பி.பி.யோடு சேர்ந்து வந்தால் அது உயிருக்கு ஆபத்தான அவசரம். அப்போது நரம்பு வழி மருந்தும், இடைவிடாத கண்காணிப்பும் வேண்டும். அங்கேயும் பெரும்பாலானவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறக்கக் கூடாது என்பது விதி.

விதிவிலக்குகளும் உண்டு. மகாதமனியின் சுவர் கிழிந்தவருக்கு மேல் எண்ணை விரைந்து 120-க்குக் கொண்டுவர வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு என்றாலும் காத்திருக்க முடியாது. ரத்தக்கட்டி அடைத்து வந்த பக்கவாதத்தில் கணக்கே தலைகீழ். கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதானால் முதலில் 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். போடவில்லை என்றால் 220/120 வரை பொதுவாகத் தொடாமல் விடுவார்கள். அடைப்புக்கு அப்பால் பட்டினி கிடக்கும் மூளைப் பகுதிக்கு அந்த அழுத்தம்தான் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கு எல்லைக்கோடு இன்னும் தாழ்வானது. 160/110-ஐத் தொட்டு, மறுபடி அளந்தும் இறங்கவில்லை என்றால் 30 முதல் 60 நிமிடத்துக்குள் மருந்து போயாக வேண்டும். தாயின் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து அவ்வளவு பெரிது. இங்கே ஒரு நல்ல சேதி நம் நாட்டிலிருந்தே வந்தது. நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில் 894 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2019-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. நிஃபெடிபின், லேபடலால், மெத்தில்டோபா மூன்றில் ஏதேனும் ஒன்றை வாய்வழியாகக் கொடுத்தபோது பெரும்பாலானவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்குள் பி.பி. கட்டுக்குள் வந்தது. நரம்பு ஊசிக்கும் மானிட்டருக்கும் வசதியில்லாத இடத்திலும் தாயைக் காப்பாற்ற முடியும் என்பதே அதன் பொருள். கேப்ஸ்யூலாகக் குத்திப் பிழிந்தபோது கெட்ட பெயர் எடுத்த அதே நிஃபெடிபின், சரியான ஆளுக்குச் சரியான விதத்தில் கொடுத்தபோது உயிர்காக்கும் மருந்தாயிற்று.

அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் உயர்ந்திருந்தால்? 180/110-ஐத் தாண்டிய பி.பி.யோடு கிளீவ்லேண்ட் கிளினிக்கின் புறநோயாளிப் பிரிவுகளுக்கு வந்த சுமார் 58,500 பேரை ஆராய்ந்த 2016 கட்டுரை ஒன்று இருக்கிறது. அடுத்த ஏழு நாட்களில் அவர்களில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுக்கு ஆளானவர்கள் ஆயிரத்தில் ஒருவர் அளவே. வாரக்கணக்கில் நிதானமாக இறக்க அவகாசம் இருக்கிறது.

நிறுத்தத் தெரிய வேண்டும்

கொடுப்பதைப் பற்றியே பேசுகிறோம். வார்டில் அதே அளவு தவறு, நிறுத்த வேண்டியதை நிறுத்தாமல் விடுவதில் நடக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கிருமித்தொற்று என்று வருபவரின் உடலில் நீர் வற்றியிருக்கும், பி.பி. தாழ்ந்துகொண்டிருக்கும். ஆனால் வீட்டு மாத்திரைப் பட்டியல் அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறி, காலை எட்டு மணிக்கு டெல்மிசார்டன் கைக்கு வரும். டெல்மிசார்டன் அல்லது எனாலப்ரில், சிறுநீர் பெருக்கி, வலி மாத்திரை மூன்றும் நீர் வற்றிய உடலில் சந்தித்தால் சிறுநீரகம் படுத்துவிடும். கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்காமல் இவற்றைத் தொடரக் கூடாது.

இரட்டிப்பும் நம் ஊருக்கே உரிய தொல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரை ஒரு கம்பெனிப் பெயரில் இருக்கும். ஆஸ்பத்திரி பார்மசி கொடுப்பது இன்னொரு பெயரில். இரண்டும் டெல்மிசார்டன் என்பது அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் மட்டுமே இருக்கும். ஒரே பாதையில் வேலை செய்யும் இரு வகைகளை ஒன்றாகக் கொடுப்பது இன்னொரு தவறு. ராமிப்ரிலையும் டெல்மிசார்டனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த 'ஆன்டார்கெட்' ஆய்வு, 25,620 பேரிடம் நடந்து 2008-ல் வெளிவந்தது. சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பலன் இல்லை. சிறுநீரகத் தொல்லையும் தாழ்ந்த பி.பி.யும்தான் கூடின.

வீட்டுக்குப் போகும் சீட்டு

வார்டில் பார்த்த எண்ணை நம்பி, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு புது மாத்திரை சேர்த்து அனுப்புவதும் வழக்கம். இதையும் சோதித்திருக்கிறார்கள். நிமோனியா, சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்காகச் சேர்ந்து வீடு திரும்பிய 4,056 முதிய அமெரிக்க முன்னாள் படைவீரர்களை 2019-ல் ஒப்பிட்டார்கள். பி.பி. மருந்து கூட்டப்பட்டவர்களில் 21.4 சதவீதம் பேர் ஒரு மாதத்துக்குள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், கூட்டப்படாதவர்களில் 17.7 சதவீதம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இதயநோய் எதுவும் குறைந்திருக்கவில்லை.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 7.3 சதவீதம்தான். வார்டில் அதிகம் கொடுக்கப்படும் மருந்து, வீட்டில் போதாமல் இருக்கிறது. பி.பி. மாத்திரையின் பலன் ஓர் இரவில் விளைவதில்லை. தினமும் தவறாமல் ஆண்டுக்கணக்கில் போட்டால்தான் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் அது தடுக்கும். அதற்கான இடம் நாம் வாழும் வீடும், பக்கத்திலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது இந்தக் கணக்கில்தான். அதற்கு 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. இந்த ஏற்பாட்டோடு பெரிய ஆஸ்பத்திரியின் வார்டு பேச வேண்டும். "இவருக்கு வார்டில் பி.பி. கூடுதலாக இருந்தது, இரண்டு வாரத்தில் பார்க்கவும்" என்ற ஒரு வரி, அவசரமாகச் சேர்த்த மாத்திரையைவிடப் பயனுள்ளது.

ஆஸ்பத்திரிகள் செய்யக்கூடியவை

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு வார்டிலும் மூன்று அளவுப் பட்டைகள். எண் உயர்ந்தால் டாக்டரை அழைக்குமுன் வலி, சிறுநீர், விட்டுப்போன மாத்திரை, டிரிப் என நான்கையும் சரிபார்த்து மறுபடி அளக்க நர்ஸுக்கு அதிகாரம். பி.பி.க்கு எழுதப்படும் ஒவ்வொரு அவசர மருந்தோடும் எந்த உறுப்புக்காக என்று ஒரு வரி. சேரும்போதும் போகும்போதும் மருந்துப் பட்டியலை மூலப்பெயரில் ஒப்பிட ஒரு பார்மசிஸ்ட். மாதம் ஒருமுறை இருபது கேஸ் ஷீட்டுகளை எடுத்து, எழுதிய மருந்துகளில் எத்தனைக்குக் காரணம் இருந்தது என்று எண்ணிப் பார்த்தாலே பாதிப் பழக்கம் மாறும்.

உடனிருப்பவர்கள் கேட்க வேண்டியவை

டூட்டி டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு நம் பதற்றமும் ஒரு காரணம். "ஏதாச்சும் போடுங்க" என்பதற்குப் பதிலாக இவற்றைக் கேட்கலாம்.

• அப்பாவுக்கு வேறு ஏதாவது அறிகுறி இருக்கிறதா, இல்லை எண் மட்டும்தான் கூடியிருக்கிறதா?
• கொஞ்ச நேரம் கழித்து இன்னொருமுறை அளந்து பார்க்கலாமா?
• வீட்டில் போட்ட மாத்திரைகளில் எது தொடர்கிறது, எது நிறுத்தியிருக்கிறது, ஏன்?
• டிஸ்சார்ஜ் சீட்டில் புதிதாகச் சேர்ந்த மாத்திரை எதற்காக? எவ்வளவு நாளைக்கு? பழையதோடு சேர்த்தா, பழையதற்குப் பதிலாகவா?

சேர்க்கப் போகும்போது வீட்டு மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சீட்டைவிட அட்டை நம்பகமானது. வீடு திரும்பியபின் ஒரு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து நிதானமாக அளந்து எழுதி, அதை டாக்டரிடம் காட்டுங்கள். வார்டில் அளந்த நூறு எண்களைவிட அந்த ஒரு தாளை வைத்துத்தான் அவர் சரியான முடிவெடுக்க முடியும். இதைப் படித்துவிட்டு, வழக்கமாகப் போடும் மாத்திரையைத் தாமாக யாரும் நிறுத்திவிட வேண்டாம். கேள்விக்குள்ளாவது அவசரத்தில் ஏறும் மாத்திரைதான். அன்றாடம் தவறாமல் போடும் மாத்திரை, நம்மில் பலருக்கு, இன்னும் போதிய அளவு போய்ச்சேரவே இல்லை.